காலி வீட்டு அக்கா

வீடு வாங்கப் போகிறவர்கள் சிலர் இன்றைக்கும் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தே காலத்தைக் கழித்தவனுக்கு வீட்டைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. தெரிந்ததைச் சொல்வேன். மழை கொட்டும்போது போய்ப் பார், வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் குனிந்து பார். கிணற்றுத் தண்ணீரை அடுத்த வீட்டுக்காரி குடிக்கிறாளா, துணி மட்டும் துவைக்கிறாளா என்று பார். கடலோரம் என்றால் பௌர்ணமி கழியும்வரை முன்பணம் கொடுக்காதே.

இதில் ஒன்றுகூட என் புத்தி இல்லை. எல்லாம் ஒருத்தி சொன்னது. அவளுக்கென்று ஒரு வீடு கடைசிவரை இருந்ததில்லை.

அந்த நாளில் பினாங்குப் பட்டணத்தில் விற்பனைக்கு வந்த வீட்டைப் பூட்டிப்போட மாட்டார்கள். பூட்டிய வீட்டில் கரையான் ஏறும், அபின் பிடிக்கிறவர்கள் பின்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுப்பார்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும், அடுப்பு எரியாத வீட்டில் பேய் வந்து குடியேறும் என்று சீனர்களும் நம்பினார்கள், நம்மவர்களும் நம்பினார்கள். பேய்ப் பேச்சு கிளம்பிவிட்டால் பாதி விலைக்குக்கூட ஆள் வராது. அதனால் வீட்டுத் தரகர்கள் யாராவது ஏழைப்பட்ட குடும்பத்தைக் கொண்டுவந்து உள்ளே வைப்பார்கள். வாடகை கிடையாது. கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். விற்றதும் போய்விட வேண்டும்.

அக்கா அந்த வேலையைத்தான் செய்தாள். புருஷன் துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கியவர், ஒரு காய்ச்சலில் போய்விட்டார். பிலோமினா என்று ஒரே மகள். நான் வெள்ளையடிக்கப் போகிற வீடுகளில் பெரும்பாலும் அவர்கள் இரண்டு பேரும்தான் இருப்பார்கள். கடைத்தெருக்காரர்கள் அவளைக் ‘காலி வீட்டு அக்கா’ என்றே சொன்னார்கள். அவள் இருக்கும்போது வீடு எப்படிக் காலி வீடாகும் என்று யாரும் யோசித்ததில்லை.

அவள் இருந்த வீடுகளின் சுவரில் ஓர் ஆணிகூட இருக்காது. நான் சுண்ணாம்பு அடிக்கிறவன், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். மற்ற வீடுகளில் ஆணி பிடுங்கிய துளைகளை அடைப்பதற்கே அரை நாள் போகும். அக்கா மாதா படத்தை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்திருப்பாள். கொடி கட்டக்கூட ஏற்கெனவே இருக்கிற ஆணியைத்தான் தேடுவாள்.

“ஒரு ஆணி அடிச்சா என்னக்கா, நான்தானே வந்து அடைக்கப்போறேன்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அடிச்சவ வீடுன்னு சுவரு நினைச்சுக்கும், தம்பி. அப்புறம் பிடுங்கும்போது ரெண்டு பேருக்கும் வலிக்கும்” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

‘எங்க வீடு’ என்று அவள் சொல்லமாட்டாள். ‘இந்த வீடு’ என்பாள். இந்த வீட்டுக் கிணறு, இந்த வீட்டு அடுப்பு. தன் சொந்தச் சட்டி பானையைக்கூட அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் வீட்டை வைத்துக்கொள்வதில் அவளுக்கு ஈடு கிடையாது. தரகர் அவளைக் கொண்டுபோய் விடும்போது புறாக் கூண்டு மாதிரி நாறிக்கொண்டிருக்கும் வீடு, பத்து நாளில் மனிதர் வாழ்கிற இடமாகிவிடும். விற்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பாள். ஒரு வீட்டுக்காரர், ஆள் பார்க்க வருகிற அன்று காலையிலிருந்தே வீடு பூராவும் சாம்பிராணி போட்டுவிட்டார். அக்கா கதவு சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு விசிறியால் விசிறினாள்.

“ஏங்க, கல்யாணமா நடக்குது? இவ்வளவு வாசனை வந்தா, எதையோ மறைக்கிறாங்கன்னு வர்றவன் மூக்கு சொல்லிடும். உலையில அரிசியைப் போடுறேன், சோறு கொதிக்கிற வாசம் போதும். பசியோட வர்றவனுக்கு அந்த வீடு பிடிச்சிடும்.”

இன்னொன்றும் செய்வாள். அதுதான் தரகருக்கு முதலில் பிடிக்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்களிடம் அந்த வீட்டின் குறையை அவளே சொல்லிவிடுவாள்.

எனக்கு நினைவிருக்கிற ஒரு சம்பவம், ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் வந்தபோது நடந்தது. மாடிப்படியை அந்த அம்மாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அக்கா விரல் முட்டியால் நாலாவது படியைத் தட்டிக் காட்டினாள்.

“இது பொக்குன்னு கேக்குதா? கரையான். மேல உள்ளது எல்லாம் கெட்டி. இதையும் இதுக்குக் கீழ உள்ளதையும் மாத்திடுங்க.”

தரகர் கடைத்தெரு முனையில் வெற்றிலைக் கடையை ஒட்டி உட்கார்ந்து தொழில் செய்த ஒரு தமிழ் முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். தையல்காரர் தலை மறைந்ததும் நானா குதித்தார்.

“நீ வீட்டைக் காக்க வந்தியா, குடியைக் கெடுக்க வந்தியா? கேட்டாங்களா உன்னை? வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு லா!”

“கோவிக்காதீங்க நானா. ஒண்ணை நம்ம வாயால சொன்னாத்தான் மத்ததை நம்புவாங்க. ஒண்ணுமே சொல்லலைன்னா எல்லாத்தையும் தட்டிப் பார்ப்பாங்க.”

மறுநாளே தையல்காரர் முன்பணத்தோடு வந்தார். நானா அதற்குப் பிறகு அவளை ஒன்றும் சொன்னதில்லை. அவள் இருந்தால் வீடு சீக்கிரம் கை மாறும் என்பது மற்ற தரகர்களுக்கும் தெரிந்துபோனது. இதில் இருந்த கொடுமை யாருடைய கண்ணிலும் படவில்லை. எவ்வளவு நன்றாக வீட்டை வைத்துக்கொண்டாளோ, அவ்வளவு சீக்கிரம் கைவண்டி பிடித்து வெளியேறினாள்.

பிலோமினா ஒருமுறை என் காது கேட்கவே சொன்னாள்: “அம்மா, கொஞ்சம் அழுக்கா வச்சா இன்னும் ரெண்டு மாசம் இருக்கலாமேம்மா.”

“அழுக்கு வீட்டுல எனக்குத் தூக்கம் வராதுடி” என்றாள் அக்கா. அவ்வளவுதான் அவள் பதில்.

பிராங்கின் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்த வீட்டில்தான் அவர்கள் அதிக நாள் இருந்தார்கள். நல்ல அகலமான வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், மாடியில் காற்று வரும் அறை. ஆனால் பட்டணத்துக்காரர்கள் யாரும் அதை வாங்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். சில மாதங்களில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது கால்வாய் பின்னோக்கி நிரம்பும். சமையற்கட்டுச் சாக்கடை வாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கணுக்கால் அளவு நிற்கும். சுவரின் அடியில் பழுப்பாக ஒரு கோடு உண்டு. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் சில வாரங்களில் அந்தக் கோடு திரும்ப வந்துவிடும்.

அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கரையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு தொங்கானிலிருந்து ஒரு பலகையைச் சுமந்துகொண்டு வந்தாள். யாரிடமோ ரம்பம் கடன் வாங்கி, சாக்கடை வாயின் கல்லுக்குப் பொருந்தும்படி ஒரு மூலையில் கொக்கிபோல வெட்டி, விளிம்பு முழுதும் கோணிச் சாக்கு வைத்துச் சிறு ஆணிகளால் அடித்தாள். அவள் ஆணி அடித்து நான் பார்த்தது அப்போதுதான். கடல் ஏறுகிற நேரத்துக்கு முன் பலகையைச் சாக்கடை வாயில் செருகி, களிமண்ணை அப்பி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுவாள். தண்ணீர் வெளியே நின்று முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பிலோமினாவுக்கும் அந்த வேலை பழகிவிட்டது. எந்தப் பக்கம் முதலில் அழுத்த வேண்டும், களிமண் எவ்வளவு பதத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இருக்கும்போதுதான் பிலோமினாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாதா கோயில் உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். பையனுக்குப் பட்டணத்தில் புதிதாக ஆபீஸ் வேலை. அப்பா தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நாளைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வா. ஆம்பளைன்னு ஒருத்தன் நிக்கணும். என் தம்பின்னு சொல்லிக்கிறேன்” என்றாள்.

நாலு பேர் நடுவில் நின்று எனக்குப் பழக்கமில்லை. “பொய்யா சொல்லப்போறீங்க?” என்று கேட்டேன்.

“என்ன பொய்? உன்னைத் தம்பின்னுதானே கூப்பிடுறேன்.”

“வீடு?”

அவள் கொஞ்ச நேரம் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். “கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா காப்பி குடுப்பேன்” என்றாள்.

மறுநாள் வந்தார்கள். பையன் ஒல்லியாக, நல்ல பையனாகத்தான் இருந்தான். பிலோமினா காப்பி கொண்டுவந்தபோது அவன் தலை நிமிர்ந்து பார்த்ததையும், அவள் காப்பியைக் கொஞ்சம் சிந்தியதையும் நான் பார்த்தேன். கிராணியார் பெண்ணைவிட வீட்டை அதிகமாகப் பார்த்தார். முற்றத்தில் நின்று அண்ணாந்தார். தூணைத் தட்டினார். மாடி ஏறினார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம்.

மாடி அறையில் அக்காவுக்கு வாய்ப்பழக்கம் விடவில்லை. “அந்த மூலையில ஒழுகும்ங்க. ஓடு ரெண்டு மாத்தணும்” என்றாள்.

கிராணியார் திரும்பி அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “என்னம்மா இது! பொண்ணு பார்க்க வந்தவன்கிட்ட வீட்டு ஓட்டையைக் காட்டுறீங்க. ஊர்ல எல்லாரும் மூடுவாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

கீழே வந்து உட்கார்ந்தார். இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “ஒரே பொண்ணு. இந்த வீடும் அதுக்குத்தானே?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா உடனே சொன்னாள்.

“இது எங்க வீடு இல்லீங்க. விக்கிறதுக்கு இருக்கு. நாங்க காவலுக்கு இருக்கோம்.”

கிராணியார் கோப்பையைக் கீழே வைத்தார். உபதேசியார் தொண்டையைச் செருமினார். உள்ளே பிலோமினாவின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு கிராணியார் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை வீட்டைச் சுற்றினார். முதலில் சுற்றியதைப்போல அது இல்லை. இந்தத் தடவை எட்டு வைத்து அளந்தார்.

“என்ன விலை சொல்றாங்க?” என்று கேட்டார்.

அக்கா சொன்னாள்.

“மாடி மூலை ஒழுகலைத் தவிர வேற குறை இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. யாரைப் பார்க்கணும்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பலகை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. கடல் இறங்கியிருந்த நேரம், காய்ந்த காலம், நான் ஒரு வாரத்துக்கு முன் அடித்த நீலச் சுண்ணாம்பு பளபளவென்று இருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்ந்த மனிதர், கடல் வீட்டுக்குள் வரும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

“கடைத்தெரு முனையில நானான்னு கேளுங்க” என்றாள் அக்கா.

அவர்கள் போனபிறகு அவள் சமையற்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் புறப்படும்போது என்னிடம் மெல்லச் சொன்னாள்: “ஏன் சொல்லலைன்னுதானே நினைக்கிறே? தண்ணியைச் சொன்னா வீட்டையும் விட்டுடுவாரு, பொண்ணையும் விட்டுடுவாரு. வாங்கட்டும், தம்பி. மகனுக்குத்தானே வாங்குறாரு. பொண்ணு இந்த வீட்டுலயே இருந்திடும். பலகை வைக்க அதுக்குத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது.”

அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போகும்போது திரும்பிப் பார்த்தேன், வாசல் நிலையைக் கையால் தடவிக்கொண்டு நின்றாள்.

கிராணியார் வீட்டை வாங்கினார். பத்திரம் முடிகிறவரை பெண்ணைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அக்கா கேட்டு அனுப்பவும் இல்லை. பத்திரம் முடிந்த அடுத்த ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். பையன் பெயரைச் சொன்னார்கள். பெண் வேறு. தைப்பிங்கில் சொந்த வீடும் கடையும் உள்ள இடம். அக்காவும் பிலோமினாவும் பெண்கள் பக்கம் நடு வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்று ஞாயிறும் இருவரும் வந்தார்கள்.

உபதேசியார் மூலமாகக் கிராணியார் சொல்லி அனுப்பியது இதுதான்: தங்கமான பொண்ணு, அம்மாவும் தங்கமானவங்க, ஆனா காவலுக்கு இருக்கிற இடத்துல எப்படிச் சம்பந்தம் வைக்கிறது, நாலு பேரு கேப்பாங்களே. அதோடு ஒரு வேண்டுகோளும் வைத்தார். கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கிற நாள்வரை வீடு காலியாக இருக்கக்கூடாது, அக்கா இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா இருந்தாள். அந்தக் கல்யாணத்துக்காக நான்தான் மறுபடி சுண்ணாம்பு அடித்தேன். அவள் தரையைத் தேய்த்துக் கழுவினாள். கிணற்றடிப் பாசியைச் சுரண்டினாள். பிலோமினா மட்டும் ஒரு வேலைக்கும் கை கொடுக்காமல் மாடியில் அந்த ஒழுகுகிற மூலையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைக் கூப்பிடவில்லை. மந்திரிக்கிற அன்று காலையில் கிராணியாரின் மனைவி கையில் சாவியைக் கொடுத்து, “மழை வந்தா மாடி மூலையில சட்டி வைங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கைவண்டிக்குப் பின்னால் நடந்தாள். வண்டியில் என்னென்ன ஏற்றினாள் என்று நான் கவனிக்கவில்லை.

கல்யாணம் முடிந்த மாதத்திலேயே பெரிய கடல் ஏறியது. காலையில் வேலைக்காக அந்தச் சந்து வழியாகப் போனேன். வாசல் திறந்திருந்தது. கையில் கல்யாண வளையல்களோடு ஒரு சின்னப் பெண், புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கறுப்புத் தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது. அவள் அழுதுகொண்டே தள்ளினாள். கிராணியார் நாற்காலியின் மேல் ஏறி நின்றார். என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏய், நீ அந்த அம்மாவோட தம்பிதானே? இது முன்னாடியும் வந்திருக்கா? சொல்லுப்பா!”

“நான் சுண்ணாம்பு அடிக்கிறவன்ங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

மாலை, அக்கா அப்போது இருந்த வீட்டுக்குப் போனேன். டத்தோ கிராமட் பக்கம், இன்னொரு காலி வீடு. வழக்கம்போல் ஆணியில்லாத சுவர், சாய்த்து வைத்த மாதா. “சாப்பிட்டுப் போ” என்று ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். உட்கார்ந்து கையை ஊன்றியபோது விரலில் கோணிச் சாக்கு தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். மூலையில் கொக்கிபோல வெட்டியிருந்தது.

நான் பார்த்ததைச் சொன்னேன்.

அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். “யாரு தண்ணியைத் தள்ளினா?” என்று கேட்டாள்.

“புதுப் பொண்ணு.”

அகப்பை சட்டியிலேயே நின்றது. உள்ளேயிருந்து பிலோமினா சொன்னாள்: “அம்மா, அந்தப் பொண்ணு என்னம்மா செஞ்சுச்சு? பலகையைக் குடுத்துவிட்டுடுவோம். மாமாகிட்ட குடுத்தா கொண்டுபோய்ப் போட்டுடுவாரு.”

நானும் எழுந்து பலகையைத் தூக்கலாமா என்று பார்த்தேன்.

“உக்காரு, தம்பி” என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. “அவங்க வாங்கினது வீட்டை. பலகை என்னுது.”

அத்தனை வருஷத்தில், அத்தனை வீடுகளில், ‘என்னுது’ என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மறுபடி குழம்பு ஊற்றினாள். பிலோமினா வெளியே வரவில்லை.

டத்தோ கிராமட் பக்கம் மேட்டு நிலம். அங்கே கடல் ஏறாது.